இசை வகுத்தவர் பெயர்

கல்லூரிகளில் இசையைப் பொருளாகக் கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் பலர் இருக்கின்றனர். இசைக் கல்லூரி மாணவர் மட்டும் அல்லர்; தமிழ் இலக்கியம் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் பாட்டைத் தொடாமல் இருப்பதில்லை. அத்தகைய கட்டுரைகளை ஓய்வு பெற்றபின் நான் விரும்பிப் படித்து வருகிறேன். சிலப்பதிகாரத்திலிருந்து மேற்கோள் காட்டும்போது காதையும் அடியும் தவறாமல் குறிக்கிறார்கள். கல்வெட்டானால் தொகுதியும் எண்ணும் வந்துவிடுகின்றன. பாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் 'தியாகராசர் கீர்த்தனை' என்னும் இரண்டு சொற்களோடு அடிக்குறிப்பு நின்றுவிடுகிறது. எந்த நூலில் பார்த்தது, யார் சுரப்படுத்தியது, எந்தப் பதிப்பு என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

இதனை ஒரு சிறு குறையென்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. காரணம் கூறுகிறேன். திருக்குறளை எந்த அச்சகம் அச்சிட்டாலும், சில பாடவேறுபாடுகள் நீங்கலாக, எழுத்து எழுத்தே. பாட்டு அப்படிப்பட்டதன்று. சொல்லை எழுதியவர் ஒருவர். அதற்கு மெட்டு அமைத்தவர் மற்றொருவராக இருக்கலாம். அந்த மெட்டைக் கேட்டுச் சுரமாகத் தாளில் இறக்கியவர் மூன்றாமவர். நம் கையில் இருப்பது அந்த மூன்றாமவருடைய தாள். அவரைச் சொல்லாமல் முதலாமவரை மட்டும் சொன்னால், இடையில் இருந்த இருவருடைய உழைப்பும் மறைகிறது. அவர்கள் செய்த மாற்றங்களும் முதலாமவர் தலையில் ஏறுகின்றன.

மேற்கோள் காட்டுதல் மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புது வழக்கம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அவர்கள் மதுரையைவிட்டு வெளியே போகவேண்டிய தேவையே இல்லை. வையைக் கரையில் நின்று பரிபாடலைப் புரட்டினால் போதும்.

பரிபாடல் எழுபது பாட்டுக்களைக் கொண்ட தொகை நூல். இன்று முழுமையாகக் கிடைப்பவை இருபத்திரண்டே. அவற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் பரிமேலழகர் உரையோடு 1918-இல் பதிப்பித்தார். வையையைப் பற்றியும் திருப்பரங்குன்றத்துச் செவ்வேளைப் பற்றியும் திருமாலைப் பற்றியும் பாடுபவை அவை. பாட்டின் அழகை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைப்பார்கள். நான் சொல்ல வந்தது பாட்டின் இறுதியில் உள்ள ஒரு சிறு குறிப்பைப் பற்றி. அதனை மாணவர் பெரும்பாலும் படிப்பதே இல்லை. வையையைப் பாடும் ஆறாம் பாட்டின் அடியில் மூன்று செய்திகள் காணப்படுகின்றன. பாடியவர் ஆசிரியன் நல்லந்துவனார். இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். பண் பாலையாழ். புலவர் பெயர் வேறு, இசை அமைத்தவர் பெயர் வேறு, பண் வேறு என்று மூன்றையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் அன்று; முதற்பாட்டும் இருபத்திரண்டாம் பாட்டும் நீங்கலாக ஏனையவற்றுக்கும் இத்தகைய குறிப்பு உண்டு. இரண்டு முதல் பன்னிரண்டு வரை பாலையாழ், பதின்மூன்று முதல் பதினேழு வரை நோதிறம், பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை காந்தாரம் என்று பண் முறையிலேயே பாட்டுக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தொகுத்தவர் கண்ணில் அது வெறும் கவிதை நூலாக இருக்கவில்லை. பாடுவதற்கு உரிய இசை நூலாக இருந்தது என்று தெரிகிறது.

நல்லச்சுதனார் என்னும் பெயரைச் சற்று நின்று பாருங்கள். 'மருத்துவன்' என்ற அடையிலிருந்து அவர் வைத்தியத் தொழில் செய்தவர் என்று ஊகிக்கலாம். நல்லந்துவனார் பாடிய ஆறாம் பாட்டுக்கும் எட்டாம் பாட்டுக்கும் நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாட்டுக்கும் அவர் இசை வகுத்திருக்கிறார். நோயாளிக்கு மருந்து அரைத்த கை யாழையும் தொட்டிருக்கிறது. தொகுத்தவர் ஒரு வரியைச் சுருக்கியிருந்தால் அவர் இசைத்தமிழுக்குச் செய்த இந்தப் பணியை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

ஆயினும் ஒரு குறை இருக்கிறது. பண்ணின் பெயரைச் சொன்னார்களேயன்றிச் சுரத்தை எழுதி வைக்கவில்லை. எனவே நல்லச்சுதனார் அமைத்த இசை எப்படி ஒலித்தது என்பது நமக்குத் தெரியாது. பெயர் பிழைத்தது, இசை மறைந்தது. சுரத்தை எழுதும் வழக்கமே தமிழ்நாட்டில் இல்லை என்று கூறுவதற்கும் இல்லை. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கருதும் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏழு பிரிவுகளாகச் சுர எழுத்துக்களை நான்கு நான்காகப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். அதனைச் செய்வித்தவன் தன் பெயரை வெளிப்படையாகச் சொல்லாமல், தான் உருத்திராசாரியருடைய மாணாக்கன் என்று மட்டும் சொல்கிறான். அங்கே பரிபாடலுக்கு நேர்மாறான நிலை. சுரம் நிலைத்துவிட்டது, செய்வித்த அரசன் யார் என்பதில் இன்றளவும் வழக்கு இருக்கிறது. ஆசிரியர் பெயரைச் சொன்னானே, அதுவும் ஒருவகை மேற்கோள்தான்.

மேற்கோள் காட்டுவதில் நம் பழைய உரையாசிரியர்களுள் எனக்கு மிக உவப்பானவர் அடியார்க்கு நல்லார். மதுரையும் ஒரு களமாக விளங்கும் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதப் புகுந்தபோது, இசையையும் நாடகத்தையும் பற்றித் தாம் எழுதுவன தம் சொந்தக் கற்பனை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறார். பெருநாரை, பெருங்குருகு முதலிய பழைய இசை நூல்கள் இறந்துபட்டன என்கிறார். தம் கையில் எஞ்சியவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்னும் ஐந்து என்கிறார். அவற்றை இயற்றியவர் இன்னார் இன்னார் என்றும் கூறுகிறார். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எதைக் கொண்டு எழுதினேன் என்று சொல்லும் இந்த ஒழுங்கைக் காட்டிலும் இன்றைய பல்கலைக்கழகம் ஒன்று கூடுதலாக என்ன கேட்டுவிடப் போகிறது?

அந்த ஒழுங்கினால் விளைந்த பயன் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. பஞ்சமரபு என்னும் நூல் மறைந்துபோயிற்று என்றே அறிஞர் எண்ணியிருந்தனர். தெய்வசிகாமணிக் கவுண்டர் என்னும் புலவர் அதன் ஏட்டைத் தேடி எடுத்து 1973-இல் அச்சேற்றினார். நூலின் பெயரையும் ஆசிரியர் அறிவனார் என்பதையும் அடியார்க்கு நல்லார் எழுதி வைக்காதிருந்தால், பெயர் தெரியாத பழஞ்சுவடி ஒன்று கிடைத்தது என்றுதானே சொல்லியிருப்பார்கள்? கிடைத்த ஏட்டைப் பழைய மேற்கோளோடு ஒத்துப் பார்க்க வழி இருந்தது. ஏட்டில் உள்ளவை அனைத்தும் பழையனவா என்று ஐயுறுவோரும் அதே மேற்கோள்களைக் கொண்டுதான் தம் வாதத்தை நடத்த வேண்டியிருக்கிறது.

இனி நமக்கு அண்மைக் காலத்துக்கு வருவோம். தியாகராசர் வாழ்ந்த காலம் 1767 முதல் 1847 வரை. அவர் பாடப்பாடச் சீடர்கள் கேட்டுக் கற்றனர். சிலர் எழுதியும் வைத்தனர். தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீட பரம்பரைகள் கிளைத்தன. ஒரே கீர்த்தனை இந்த மூன்று பரம்பரைகளிலும் சற்றுச் சற்று வேறுபட்டு ஒலிப்பதுண்டு. சங்கதிகளின் தொகை வேறுபடும். சில இடங்களில் சொல் வேறுபடும். அரிதாக இராகமே வேறுபடும். இவ்வேறுபாட்டைப் பாடாந்தரம் என்பார்கள். சங்கீத வித்துவான் ஒருவர் 'இது எங்கள் பாடாந்தரம்' என்று சொல்லும்போது, ஆராய்ச்சியாளர் 'இது இன்ன பதிப்பு' என்று சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

வாலாஜாபேட்டைப் பரம்பரைக்கும் மதுரைக்கும் உள்ள தொடர்பை மதுரை மாணவர்களே பலர் அறியார். தியாகராசருடைய நேர்ச்சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் சௌராஷ்டிர குலத்தவர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரும் குருவின் பாட்டுக்களையும் வரலாற்றையும் எழுதி வைத்தனர். அந்தச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் பிற்காலத்தில் மதுரைச் சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. நெசவுத் தறியின் ஓசை நிறைந்திருந்த நகரம், திருவையாற்று இசையின் எழுத்துச் சான்றுக்கும் இருப்பிடமாயிற்று. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அவற்றை ஆராய்ந்து எழுதியபின் இசை உலகில் 'வாலாஜாபேட்டைச் சுவடிகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இங்கே மாணவன் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அச்சு நூலுக்கு ஊரும் ஆண்டும் பக்கமும் போதும். கையெழுத்துப் பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆகையால் அது எங்கே இருக்கிறது, யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே அதற்கு இட்ட எண் யாது, தாளின் எந்தப் புறம் என்பவற்றைக் கூறவேண்டும். எழுதியவர் கை யாருடையது என்று தெரிந்தால் அதையும் கூறவேண்டும். அந்தப் பிரதியைத் தான் நேரில் பாராமல், அதைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரையை மட்டும் படித்திருந்தால், கட்டுரையைப் படித்தேன் என்று சொல்வதே நேர்மை. சுவடியைப் பார்த்ததுபோல் எழுதுவது எளிது; பின்வருபவன் சுவடியைத் திறந்து பார்க்கும் நாளில்தான் உண்மை வெளிப்படும்.

மதுரையிலிருந்து தெற்கே கரிசல் நிலத்தில் எட்டயபுரம் இருக்கிறது. தென்னாட்டு இசையை எழுத்தில் நிறுத்திய வரலாற்றில் அச்சிற்றூருக்கு உள்ள இடம் பெரிது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அவ்வூர் அரசவையில் வித்துவானாக இருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் மதுரை வழியாக அங்கே சென்று 1835-இல் அங்கேயே மறைந்தார். பாலுசுவாமியின் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் குடும்பத்தில் வழிவழி வந்த பாட்டுக்களைத் தொகுத்துச் சுரப்படுத்தினார். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் அந்நூல் தெலுங்கு எழுத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கம் கொண்ட பெருநூல் அது.

இந்நூல் பிறப்பதற்குத் தூண்டுதலாக இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறித்தவர் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சென்னையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பவர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் ஐந்து கோட்டு முறையில் எழுதி 1892 முதல் அச்சிட்டு வெளியிட்டார். அதற்காக வாலாஜாபேட்டைக் கிருஷ்ணசுவாமி பாகவதரின் துணையை நாடினார்; சுப்பராம தீட்சிதரின் துணையையும் நாடினார். தம் பொருளையும் உடல்நலத்தையும் இம்முயற்சியில் இழந்தார். சுப்பராம தீட்சிதரின் ஏடுகள் அச்சாகவேண்டும் என்று எட்டயபுரம் அரசரிடம் மன்றாடியவரும் அவரே. இதனைச் சுப்பராம தீட்சிதர் மறைக்கவில்லை. தம் நூலிலேயே நன்றியோடு எழுதி வைத்தார். தூண்டியவர் பெயர் இன்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

சுப்பராம தீட்சிதரின் முறையைப் பாருங்கள். ஒவ்வோர் இராகத்துக்கும் இலக்கணம் கூறி, அடுத்துக் கீதம், கீர்த்தனை, சஞ்சாரி முதலியவற்றை வரிசைப்படுத்தி, இது வேங்கடமகி செய்தது, இது முத்துசுவாமி தீட்சிதர் செய்தது, இது நான் செய்தது என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் பிரித்துக் காட்டுகிறார். கமகங்களை ஒலிக்கும் வகை தெரியும்பொருட்டுத் தனித்தனி அடையாளங்களை அச்சில் வார்த்துச் சேர்க்கச் செய்தார். வாக்கேயக்காரர் வரலாறு என்று எழுபதுக்கு மேற்பட்ட இசைவாணர்களின் வரலாற்றையும் நூலில் சேர்த்தார். இவரை நான் அடியார்க்கு நல்லாரின் வழித்தோன்றல் என்று சொல்வேன். இருவரும் தமக்குமுன் இருந்தவர்களுக்குக் கடன்பட்டிருப்பதை வரவு செலவுக் கணக்கைப்போல் எழுதியவர்கள்.

அந்நூலில் உள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, மேற்கோள் எப்படி அமையவேண்டும் என்று பார்ப்போம். மதுரை மீனாட்சியம்மையைக் குறித்து முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய 'மீனாக்ஷி மே முதம்' என்னும் கீர்த்தனையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கச்சேரிகளில் அதனைப் பூர்விகல்யாணி என்று அறிவிப்பது பெருவழக்கு. சுப்பராம தீட்சிதரின் நூலிலோ அது ஐம்பத்து மூன்றாம் இராகாங்கமாகிய கமகக்கிரியாவின்கீழ் இடம்பெற்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா, வேறா என்பது வித்துவான்கள் பேசவேண்டிய விஷயம். கட்டுரை எழுதும் மாணவனுக்கு உரிய கடமை வேறு. 'இக்கீர்த்தனை பூர்விகல்யாணி' என்று கட்டுரையில் எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைக் காட்டினால், அந்த நூல் சொல்லாத ஒன்றை அதன் வாயில் இட்டவன் ஆகிறான். அந்த நூலைக் காட்டினால் அந்த நூல் கூறும் பெயரையே கொடுத்து, இன்றைய வழக்கு வேறு என்பதைத் தனியே சொல்லவேண்டும்.

அப்படியானால் குறிப்பு இவ்வாறு அமையும். முத்துசுவாமி தீட்சிதர் இயற்றியது, 'மீனாக்ஷி மே முதம்' என்னும் தொடக்கத்தையுடையது, கமகக்கிரியா இராகம், சுப்பராம தீட்சிதர் சுரப்படுத்தியது, சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, எட்டயபுரம், 1904, பின்னர்ப் பக்க எண். தெலுங்கு தெரியாத மாணவன் என்ன செய்வான்? சென்னை மியூசிக் அகாடமியார் அந்நூலைத் தமிழ் எழுத்தில் 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். அவன் பார்த்தது அதுவானால் அகாடமிப் பதிப்பையும் அது வெளிவந்த ஆண்டையும் அதன் பக்கத்தையும்தான் சொல்லவேண்டும். 1904 என்பதை மூலநூலின் ஆண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பதிப்பைப் படித்துவிட்டு எட்டயபுரப் பதிப்பின் ஆண்டை மட்டும் போடுவது கற்றறிந்தவன்போல் காட்டிக்கொள்ள உதவும்; வேறொன்றுக்கும் உதவாது. இன்று பழைய இசை நூல்கள் பல இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. அவற்றையும் இதே முறையில்தான் நோக்கவேண்டும். படத்தின் முதல் தாளில் என்ன பதிப்பு என்று இருக்கிறதோ அதுவே நீங்கள் பார்த்த பதிப்பு. முதல் தாள் கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்று எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை.

பாட்டுக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவது எப்படி என்றும் கேட்பீர்கள். ஐரோப்பிய இசைத்தாளில் தாளக்கட்டு ஒவ்வொன்றும் கோடிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். எண்ணிக்கொண்டு போய் இத்தனையாவது கட்டு என்று சொல்லிவிடலாம். மேலும் அங்கே மோட்சார்ட்டு இயற்றியவற்றுக்கெல்லாம் கோஷெல் என்பவர் 1862-இல் வரிசை எண் இட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார். பாஃக் என்பவருடைய இசைக்கு ஷ்மீடர் 1950-இல் அவ்வாறே செய்தார். 'கோஷெல் 550' என்றால் வியன்னாவிலும் இலண்டனிலும் ஒரே இசையைத்தான் குறிக்கும். நம்மிடம் எல்லோரும் ஒப்புக்கொண்ட அத்தகைய எண் வழக்கத்தில் இல்லை. பாட்டின் முதற்சொற்களே அதன் பெயர். ஒரே தொடக்கத்தை உடைய பாட்டுக்கள் ஒன்றுக்கு மேற்பட இருக்கலாம். ஆகவேதான் இராகத்தையும் தாளத்தையும் உடன் சொல்வது இன்றியமையாததாகிறது. இடத்தைச் சுட்ட நமக்கு உள்ள கருவிகள் பல்லவி, அநுபல்லவி, சரணம் என்பவை. அவற்றுள் இத்தனையாவது சங்கதி, இத்தனையாவது ஆவர்த்தனம் என்பவை. 'அநுபல்லவியின் இரண்டாம் ஆவர்த்தனம்' என்று எழுதினால் எந்த வித்துவானும் விரல் வைத்துக் காட்டிவிடுவார். தாளக்குறியீடு இல்லாமல் சாகித்தியத்தை மட்டும் அச்சிட்ட நூல்களுக்கு இது பொருந்தாது. அத்தகைய நூலைச் சொல்லுக்குச் சான்றாகக் காட்டலாமே தவிர இசைக்குச் சான்றாகக் காட்டல் ஆகாது.

எட்டயபுரத்தைச் சொன்னபின் பாரதியாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்த அதே 1904-ஆம் ஆண்டில், எட்டயபுரத்துக்காரராகிய அவர் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை தமிழாசிரியராக இருந்தார். சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா பாடியவரும் அவர். இசையை எழுத்தில் நிறுத்துவதன் அருமையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்குக் கண்ணன் பாட்டே சான்று. கண்ணம்மாவைக் குழந்தையாகக் கண்டு பாடும் 'சின்னஞ்சிறு கிளியே' என்னும் பாட்டின் தலைப்பில், இராகம் பைரவி என்றும் தாளம் ரூபகம் என்றும் குறித்து, அதன்கீழ்ச் சுரவரிசையும் கொடுத்திருக்கிறார்.

நாம் இன்று கேட்டுப் பழகிய மெட்டு பைரவி அன்று; பல இராகங்களை மாலையாகத் தொடுத்தது. 1951-இல் வெளிவந்த 'மணமகள்' என்னும் திரைப்படத்துக்குச் சி. ஆர். சுப்பராமன் இசை அமைத்தபோது பரவிய வடிவம் அது. மிக இனிமையான மெட்டு; கச்சேரி மேடைக்கும் ஏறிவிட்டது. ஆனால் 'பாரதியார் இப்பாடலை இராகமாலிகையாக அமைத்தார். ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒவ்வோர் இராகத்தைத் தேர்ந்தெடுத்தார்' என்று ஒரு மாணவர் எழுதி, அதன்மேல் பல பக்கம் ஆராய்ச்சி கட்டியிருந்ததை நான் படித்தேன். ஆராய்ச்சியில் நுட்பம் இருந்தது, அடித்தளம் இல்லை. பாரதியார் நூலைத் திறந்து பாட்டின் தலைப்பைப் பார்த்திருந்தால் அத்தனை பக்கமும் வேறு திசையில் சென்றிருக்கும். ஒரு கவிஞர் தாமே மெட்டைக் குறித்து வைத்திருக்க, பின்வந்தவர்கள் ஏன் அதனை விட்டு வேறு மெட்டை நாடினார்கள் என்பதே சிறந்த ஆராய்ச்சிப் பொருள் ஆயிற்றே! பாட்டு பாரதியார், மெட்டு சுப்பராமன், இராகமாலிகை என்று பரிபாடல் காட்டிய வழியில் மூன்றையும் பிரித்து எழுதினால் இருவருக்கும் நீதி செய்ததாகும். சுப்பராமன் இளமையிலேயே காலமானவர். அவருடைய ஆக்கத்தை மற்றொருவர் பெயரில் எழுதுவது, அந்த மற்றொருவர் பாரதியாரே ஆனாலும், பொருந்தாது.

அச்சில் வராத பாட்டுக்களைப் பற்றியும் ஒரு சொல். மேலூர்ப் பக்கத்து நாற்று நடவிலும், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துக் கும்மியிலும், சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ளும் கூட்டத்திலும் பாடப்படும் பாட்டுக்கள் எத்தனையோ உள. அவற்றைத் தொகுப்பவர்கள் சொற்களை எழுதிக்கொள்கிறார்கள், மெட்டை விட்டுவிடுகிறார்கள். பாடியவர் பெயரும் இராது. 'மதுரை மாவட்டத்து நாட்டுப்பாடல்' என்று முடித்துவிடுவார்கள். பரிபாடலில் சொல் உண்டு, பெயர் உண்டு, பண் உண்டு, சுரம் மட்டும் இல்லை என்று நாம் வருந்துகிறோம். இங்கே பெயரும் இல்லை, பண்ணும் இல்லை, சுரமும் இல்லை.

இசைப் பயிற்சி சிறிது உள்ள மாணவன் ஒருவன் இதனைச் செய்யலாம். பாடுபவருடைய இசைவைப் பெற்று ஒலிப்பதிவு செய்துகொண்டு, பலமுறை கேட்டு, ஆதார சுருதி இன்னது என்று குறித்து, ச ரி க ம என்று எழுதி, அடி எங்கே விழுகிறது என்று கோடிட்டு வைக்கலாம். சுரத்தில் அடங்காத இழைவுகள் வந்தால் அடங்கவில்லை என்று பக்கத்தில் எழுதலாம். சுப்பராம தீட்சிதர் கமகத்துக்கு அடையாளம் வகுத்ததுபோல் தானே ஓர் அடையாளம் வகுத்துக்கொண்டு, அதன் பொருளைத் தாளின் தலையில் விளக்கலாம். பின்பு அந்தத் தாளைத் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது, பாடியவர் பெயர், அவர் யாரிடம் கற்றார் என்பது, ஊர், பாடிய நாள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வருவான். சுரப்படுத்தியவர் என்னும் இடம் வரும்போது அவன் தன் பெயரையே எழுதவேண்டியிருக்கும்.